நீலரத்னாவின் நங்கூர விளக்குகள்

பாகூர் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கமருதீன் கோபக்காரர் என்று ஊருக்கே தெரியும். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கையில் இருக்கும் திருப்புளியால் ஏதாவது ஒரு திருகை முறுக்கத் தொடங்குவார். மரை வழுக்கி, திருகு சும்மா சுற்ற ஆரம்பித்த பிறகும் முறுக்கிக்கொண்டே இருப்பார். 1982ஆம் வருடம் ஆடி மாதத்தில் பனித்திட்டுக் குப்பத்துச் சாமிக்கண்ணு கடைக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது, ஒரு மர்ஃபி ரேடியோவின் பின்மூடி அப்படித்தான் பாழாயிற்று.

கடையில் ரிப்பேர் வேலையோடு சீரியல் செட், டியூப்லைட் வளைவு, மைக் செட் எல்லாம் வாடகைக்கு விடுவார். பனித்திட்டில் கெங்கையம்மன் திருவிழாவுக்கு அந்த வருடம் அவருடைய செட்டைத்தான் கட்டுவதாகப் பேசி முடிந்திருந்தது. இப்போது வேண்டாம் என்று சொல்ல வந்திருந்தார் சாமிக்கண்ணு. ஊரில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்களாம். ஒருத்தி மட்டும் எழுந்து நின்று தடுத்துவிட்டாளாம்.

"யாரு?" என்றார் கமருதீன்.

"காசம்மா."

"இன்னா சொன்னா?"

சாமிக்கண்ணு சொல்லத் தயங்கினார். கமருதீன் விடவில்லை. கடைசியில் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எம் புருசன முழுங்குன கடலுக்கு எதிர்ல, வெளக்க அணைச்ச கையால ஒரு பல்பு எரியக் கூடாதுன்னா."

காசம்மாளின் முகத்தைக் கமருதீன் பார்த்ததில்லை. ஆனால் பெயர் தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும். அவளுடைய புருஷன் முத்துசாமியும் அவனுடைய தம்பியும் எந்தக் கப்பலின் நங்கூரச் சங்கிலியில் மோதிச் செத்தார்களோ, அந்தக் கப்பலில் அன்றைக்கு வயர்மேனாக இருந்தவர் அவர். கப்பலின் பெயர் நீலரத்னா.

அது 1971, ஐப்பசி. கடலூருக்கு வெளியே கடலில் நங்கூரம் போட்டுக் கப்பல் நின்றது. உர மூட்டைகளை விஞ்ச் வைத்துத் தூக்கித் தோணிகளில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கப்பலில் இரண்டு ஜெனரேட்டர். ஒன்று கெட்டுப்போய் மாதக்கணக்காகக் கிடந்தது. கப்பல் நிற்பதை மற்றவர்களுக்குக் காட்டும் நங்கூர விளக்குக்கென்று தனியாக இருந்த பேட்டரியும் செத்துவிட்டது. புது பேட்டரி வேண்டும் என்று கமருதீன் துறைமுகத்துக்குத் துறைமுகம் சொல்லிக்கொண்டு வந்தார். அடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம் என்பார் சீஃப் ஆபீசர் மல்ஹோத்ரா.

அன்றைக்குச் சாயங்காலம் வடகிழக்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வருவதற்குள் மிச்ச மூட்டைகளை இறக்கிவிட வேண்டும் என்று எல்லா விஞ்சுகளையும் ஒரே நேரத்தில் ஓட்டச் சொன்னார் மல்ஹோத்ரா. இருந்த ஒரே ஜெனரேட்டர் தாங்கவில்லை. முக்கி முனகி நின்றது. விளக்குகளுக்குக் கரண்ட் போகும் சுற்று முழுவதையும் அணை, விஞ்சுக்கு மட்டும் கரண்ட் கொடு என்றார். நங்கூர விளக்கும் அதே சுற்றில்தான் இருக்கிறது, பேட்டரியும் இல்லை என்று கமருதீன் சொன்னார். இன்னும் வெளிச்சம் இருக்கிறது, நான் சொல்லும்வரை அதைத் தொடாதே என்று பதில் வந்தது. கமருதீன் ஸ்விட்சை இழுத்தார்.

மழை ஒரேயடியாக இறங்கியது. கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன. இன்னும் கொஞ்சம் மூட்டைகள் பாக்கி இருந்தன, விஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. கமருதீன் ஸ்விட்ச் போர்டுக்கு எதிரில் நின்றுகொண்டு மேலேயிருந்து உத்தரவு வரும் என்று காத்திருந்தார். மழைக்குப் பயந்து பாயை விரித்துக் கரைக்கு ஓடிவந்த கட்டுமரத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கறுப்பாக நின்ற கப்பல் அவர்கள் கண்ணுக்குப் படவில்லை. சாமிக்கண்ணு ஒருவர்தான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தொங்கிப் பிழைத்தார்.

கம்பெனி தன் ஆட்களை வைத்தே சென்னையில் ஒரு விசாரணை நடத்தியது. கோட்டு போட்ட நான்கு பேர் மேஜைக்கு அந்தப் பக்கம். எல்லாம் இங்கிலீஷில் நடந்தது. விளக்கை அணைத்தது நீதானா என்று கேட்டார்கள். ஆமாம், ஆனால் என்று கமருதீன் தொடங்கியதும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்றார்கள். அந்த "ஆனால்" அதோடு நின்றுவிட்டது. ஃபேன் ரிப்பேர் செய்யும்போது வயர்மேன் தவறான ஸ்விட்சை இழுத்துவிட்டான் என்று மல்ஹோத்ரா சொன்னது மட்டும் எடுபட்டது. வேலை போயிற்று. வேறு எந்தக் கப்பலிலும் ஏற முடியாதபடி ஆயிற்று. பாகூருக்குத் திரும்பிக் கடை போட்டார். சின்ன இடம், செய்தி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. முதுகுக்குப் பின்னால் "வெளக்கணைச்ச பாய்" என்று பேசிக்கொள்வது அவருக்குக் கேட்கும்.

இத்தனை வருடமும் கோபத்தை அவர் மல்ஹோத்ராவின் மேல்தான் வைத்திருந்தார். சாமிக்கண்ணு வந்துபோன அன்று அது காசம்மாள் பக்கம் திரும்பியது. நடந்தது என்னவென்று தெரியாமல் நாலு பேர் நடுவில் எழுந்து நின்று பேச அவள் யார்? ஜெனரேட்டர் என்றால் என்னவென்று தெரியுமா அவளுக்கு? சுற்று என்றால் என்ன தெரியும்? வாயால் சொன்னால் புரியாது, கண்ணில் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரு கப்பலே செய்து கொண்டுபோய் அவள் முன்னால் வைப்பது என்று.

பாண்டிச்சேரியில் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அரங்கநாதன் என்பவர் ஒரு கடை வைத்திருந்தார். பிரான்சிலிருந்து லீவில் வருகிற குடும்பங்கள் கொண்டுவரும் சென்ட், கத்தி, கடிகாரம், விளையாட்டுச் சாமான் எல்லாம் அங்கே வந்து சேரும். பெட்டிக்குள் பாகம் பாகமாக அடைத்து, ஒட்டிச் சேர்த்துக்கொள்ளும்படி பிளாஸ்டிக் கப்பல்களும் விமானங்களும் அங்கே கண்ணாடி அலமாரியில் இருப்பதைக் கமருதீன் முன்பே பார்த்திருந்தார்.

அவர் புறப்படும்போது மனைவி பரிதா வாசலில் நின்றாள். "பெத்த பொண்ணுக்கு வளையல் வாங்கப் பாண்டிக்குப் போவ நேரமில்ல. பொம்ம கப்பல் வாங்க மட்டும் நேரம் வந்துடுச்சா?" என்றாள். மகள் அஸ்மாவுக்கு இரண்டு இடத்தில் சம்பந்தம் பேசி இரண்டும் நின்றுபோயிருந்த சமயம் அது. ஏன் நின்றது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. கமருதீன் பஸ் ஏறினார்.

அரங்கநாதன் முதலில் எடுத்துக் காட்டியது ஒரு போர்க்கப்பல். பெட்டியின் மேல் பீரங்கிகள் நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தன. எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள் என்றார். கமருதீன் வேண்டாம் என்றார். அடுத்தது மூன்று பாய்மரம் உள்ள பழைய காலத்துக் கப்பல். அதில் கரண்டே இல்லையே, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று எரிந்து விழுந்தார். மூன்றாவது ஒரு பயணிகள் கப்பல். வெள்ளை உடம்பு, சிவப்புப் புகைபோக்கி, பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான சின்ன ஜன்னல்கள். அதை மட்டும் அவர் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். அத்தனை ஜன்னலுக்கும் உள்ளே விளக்குப் போட்டால் எப்படி இருக்கும் என்று அவருடைய கைக்குத் தெரிந்தது. பிறகு, அது வேறு கப்பல் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சரக்கு கப்பல் இல்லியா? விஞ்ச் வெச்சது."

"அத யாரு பாய் வாங்குவாங்க? பாக்க ஒண்ணுமே இருக்காது."

அப்படியும் விடாமல் கேட்டதில், அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி வெளியே வந்தது. மூலை கிழிந்து, செய்முறைத் தாள் தொலைந்து, பசை டியூப் காய்ந்து கல்லாகியிருந்தது. உயிர்காக்கும் படகுகளில் ஒன்றைக் காணோம். ஆனால் மூட்டை தூக்கும் தூக்குமரங்கள் இருந்தன. சரக்கு அறை மூடிகள் இருந்தன, பின்பக்கம் மேல்தட்டு இருந்தது. நிஜக் கப்பலின் இருநூறில் ஒரு பங்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. நானூறு அடி நீலரத்னாவுக்கு இரண்டு அடி. தூக்குமரங்களின் இடம் கொஞ்சம் மாறியிருந்ததைத் தவிர அதே ஜாதிக் கப்பல்தான். அரங்கநாதன் அதைத் தூசி தட்டிக் கொடுத்தார்.

கடையை மூடிவிட்டுச் செய்கிற வேலையாக அது இருக்கவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டே, வந்தவர்களைக் காக்க வைத்துவிட்டுச் செய்தார். பசைக்குத் தின்னரில் பிளாஸ்டிக் துண்டுகளைக் கரைத்துக்கொண்டார். வீடு முழுக்க அந்த வாடை. பரிதா மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாள். கப்பல் உடம்பின் உள்பக்கம் முழுவதும் கறுப்புப் பெயின்ட் அடித்தார். அடிக்காவிட்டால் உள்ளே பல்பு எரியும்போது பிளாஸ்டிக் மொத்தமும் லாந்தர் கண்ணாடி மாதிரிச் சிவந்து தெரியும். வட்டக் கண்ணாடிகள் இருக்கும் இடத்தில் ஊசியைக் காய்ச்சி ஓட்டை போட்டார். சீரியல் செட்டில் போடுகிற, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய பல்புகளை உள்ளே பொருத்தினார். கொடிமரத்தின் உச்சிக்குக் கம்பி போக வழியில்லை. முதல் தடவை சூட்டுக்கோல் பட்டு மரம் மெழுகு மாதிரி வளைந்துவிட்டது. அதை உடைத்து எறிந்துவிட்டு, எழுதித் தீர்ந்த பேனா ரீஃபில் குழாயைக் கழுவிக் கொடிமரமாக நிறுத்தி, பழைய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உருவிய மெல்லிய செம்புக் கம்பியை அதன் உள்ளே விட்டார்.

முன்பக்கம் உயரத்தில் ஒரு வெள்ளை விளக்கு. பின்பக்கம் அதைவிடத் தாழ்வாக இன்னொரு வெள்ளை விளக்கு. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்கு அடையாளம் அந்த இரண்டும்தான். இரண்டையும் அவர் ஒன்றுக்கு மூன்று தடவை கழற்றி மாட்டினார்.

தூக்குமரத்துக்கு டேப் ரெக்கார்டர் மோட்டார். எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு டார்ச் கட்டை. அதுவும் புதிது இல்லை, பாதி தீர்ந்தவை. விளக்குக்கு ஒரு ஸ்விட்ச், விஞ்சுக்கு ஒரு ஸ்விட்ச், இரண்டும் அடிப்பலகையில். விளக்கு எரியும்போது விஞ்சை ஓட்டினால் மோட்டார் திணறி நிற்கும். விளக்கை அணைத்தால் விறுவிறுவென்று தூக்கும். அன்றைக்கு நடந்தது அப்படியே. பார், இதுதான் நடந்தது என்று அவர் பரிதாவிடம் ஓட்டிக் காட்டினார்.

பரிதா பார்த்தாள். "இத நீங்க திரும்பி வந்தப்பவே சொல்லியிருந்தா நானும் ஊர்ல நாலு பேருக்கு சொல்லியிருப்பேன்ல. பதினோரு வருசமா வாயத் தெறக்காம திருக முறுக்கிகினு இருந்தீங்க" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணம் ஆகி இருபது வருடத்தில் அவள் அப்படிக் கதவைச் சாத்தியது அதுதான் முதல் தடவை.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த பிறகு, கப்பலைத் தக்காளிப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி வைத்துக்கொண்டு புறப்பட்டார். கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சாமிக்கண்ணு சைக்கிளோடு காத்திருந்தார். பெட்டியைக் கேரியரில் வைத்து இருவரும் பிடித்துக்கொண்டு பனித்திட்டு வரைக்கும் நடந்தார்கள்.

காசம்மாள் வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நெட்டையான பெண், நரைக்கத் தொடங்கியிருந்தாள். வந்தவர் யார் என்று சாமிக்கண்ணு சொன்னதும் அவள் கை நின்றது. உட்கார் என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வெயிலில் விளக்கு தெரியாது, உள்ளே வைத்துக் காட்ட வேண்டும் என்று கமருதீன் சொன்னார். சாமிக்கண்ணு ஏதோ சமாதானம் பேசி அவளைச் சம்மதிக்க வைத்தார். கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கப்பலை வைத்துக் கதவைச் சாத்தினார்கள்.

கமருதீன் முதல் ஸ்விட்சைப் போட்டார். இருட்டில் கப்பல் எரிந்தது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் வட்டக் கண்ணாடிகள் வரிசையாக. சாமிக்கண்ணு குனிந்து பார்த்தார். இப்படி எரிந்திருந்தால் தூரத்திலேயே திருப்பியிருப்போம் என்று முணுமுணுத்தார்.

பிறகு கமருதீன் விஞ்சை ஓட்டினார். விளக்குகள் மங்கின, தூக்குமரத்தில் கட்டியிருந்த சின்னத் துணி மூட்டை அசையவில்லை. அவர் விளக்கை அணைத்தார். மூட்டை எழும்பியது. மல்ஹோத்ரா சொன்னதையும் தான் சொன்னதையும் மழையையும் பேட்டரியையும் விவரித்துக்கொண்டே வந்தார். காசம்மாள் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னாள். ஓட்டினார். மூன்றாவது தடவை விளக்கு அணைந்து விஞ்ச் ஓடிக்கொண்டிருந்தபோது, அவளே கையை நீட்டி விளக்கு ஸ்விட்சைப் போட்டாள். மூட்டை பாதியில் நின்று தொங்கியது. விளக்குகள் மஞ்சளாக, மங்கலாக எரிந்தன.

"எரியுதே" என்றாள்.

"எரியும். ஆனா விஞ்சு நின்னுடும்."

"நின்னா இன்னா?"

"மூட்ட நனையும்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று கமருதீனுக்கு உறைத்தது. காசம்மாள் அந்த மங்கல் வெளிச்சத்தில் அவரையே பார்த்தாள்.

"அப்ப நீ போட்டிருக்கலாம்."

"ஆபீசர் தொடாதன்னாரு. மீறிப் போட்டா வேல பூடும்."

"இப்ப மட்டும் இருக்குதா?"

கமருதீனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாட்சி சொல்ல வந்தவனைக் குற்றவாளி ஆக்குகிறாயா என்று கத்தினார். அணைக்கச் சொன்னவனை விட்டுவிட்டு, அணைத்தவனைப் பிடிக்கிறாயே என்றார். அவள் குரலும் உயர்ந்தது. அவன் வாயால் சொன்னான், நீ கையால் செய்தாய் என்றாள். பதினோரு வருடமாக நாலு மைல் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இருந்தாயே, ஒரு நாளாவது வந்தாயா, இப்போது உன் பெயருக்கு இழுக்கு வந்ததும் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய் என்றாள். வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். சாமிக்கண்ணு நடுவில் நின்று இரண்டு பேரையும் அடக்கப் பார்த்தார். இரண்டு பேரும் அவரைத் திட்டினார்கள்.

கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு அவள் கேட்டாள், "அந்த ஆபீசரு பேரு இன்னா?"

அவர் சொன்னார். அவள் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் சரியாக வரவில்லை. இதுவரைக்கும் அவளிடம் ஒருவரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"இத என் வூட்டுக்குள்ள சொல்லி இன்னா ஆவப் போவுது? அந்தக் கம்பெனியில போயி சொல்லு. நானும் வரேன்."

அடுத்த வாரம் இருவரும் கடலூர் முதுநகருக்குப் போனார்கள். ஒரே பஸ், வேறு வேறு சீட்டு. தக்காளிப் பெட்டி கமருதீனின் மடியில் இருந்தது. நீலரத்னாவுக்கு ஏஜெண்டாக இருந்தவர்களின் ஆபீஸ் அதே பழைய கட்டடத்தில்தான் இருந்தது. உள்ளே ஆட்கள் புதியவர்கள். இளவயது மேனேஜர் ஒருவர் மரியாதையாக உட்கார வைத்து டீ வரவழைத்தார். பொறுமையாகக் கேட்டார். கமருதீன் இந்த முறை "ஆனால்" என்று தொடங்கி, அதற்குப் பிறகு வர வேண்டிய அத்தனையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவருக்கு வேர்த்துக் கொட்டியிருந்தது.

மேனேஜர் சொன்னதைப் பார்த்தால் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் கப்பல் கம்பெனியை மூடி நாலைந்து வருடம் ஆகிறது. கப்பலைப் பம்பாயில் இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். மல்ஹோத்ரா வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் கேப்டனாக இருப்பதாகக் கேள்வி. கேப்டன் என்ற சொல்லைக் கேட்டதும் கமருதீன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மேனேஜர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். விளக்கைப் போட்டுக் காட்டச் சொன்னார். போட்டதும் அவர் முகம் மலர்ந்தது. ரொம்ப அழகாக இருக்கிறது, விற்பதாக இருந்தால் ஆபீஸ் முகப்பில் வைத்துக்கொள்கிறோம் என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கப்பல் நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது.

காசம்மாள் டீயைத் தொடவே இல்லை. "இது எம் புருசன் செத்த எடம். அதுக்கா வெல கேக்கற?" என்றாள். பெட்டியைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். கமருதீன் பின்னாலேயே ஓடினார்.

பஸ்ஸில் வரும்போது அவள் அவருக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்தாள். ரெட்டிச்சாவடி தாண்டியதும், தன் ஊரில் வந்து சொல்ல வேண்டும் என்றாள். அங்கே எதற்கு, அங்கே எந்த ஆபீசர் இருக்கிறான் என்று கமருதீன் சீறினார்.

"எங் கொழுந்தன் பொண்டாட்டி தையலம்மா இருக்குது. நீ எனக்கு மட்டுந்தான் சொல்லியிருக்க. அதுக்குச் சொல்லல."

முடியாது என்று சொல்லிவிட்டு அவர், அவள் இறங்கிய கிருமாம்பாக்கத்தில் இறங்காமல் பாகூருக்குப் போனார். கப்பல் அவள் மடியிலேயே போய்விட்டதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தார். ஊரில் வந்து சொல்லச் சொல்கிறாள் என்று பரிதாவிடம் பொரிந்து தள்ளினார். மறுநாள் காலையில் பரிதா பேசினாள். போகத்தான் வேண்டும் என்றாள். நீங்கள் போகாவிட்டால் நான் போய்ச் சொல்வேன் என்றும் சொன்னாள். அஸ்மா அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கமருதீன் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

திருவிழாவுக்கு முன்னால் குப்பத்தில் போடும் ஊர்க்கூட்டம் அன்றைக்குத்தான். கோயிலுக்கு எதிரில் மணலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கடலூரிலிருந்து வந்த வேறு ஒருவருடைய டியூப்லைட் வளைவுகள் அதற்குள் கட்டியாகிவிட்டன. கம்பி இழுத்திருந்த விதம் சரியில்லை என்பது அந்த நேரத்திலும் அவர் கண்ணில் பட்டது. கப்பல் ஒரு முக்காலியின் மேல் இருந்தது. கமருதீன் எழுந்து நின்றார். மல்ஹோத்ரா அணைக்கச் சொன்னதைச் சொன்னார். தான் வேண்டாம் என்று சொன்னதைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் அது பழைய கதையாகவே இருந்திருக்கும்.

"அணைச்சது நாந்தான். மழ வந்து இருட்டுனப்ப போட்டிருக்கலாம். போடல. அவரு சொல்லட்டும்னு நின்னுகினு இருந்தேன்" என்றார்.

ஒரு இளவட்டம் பாய்ந்து வந்து அவருடைய சட்டையைப் பிடித்தான். பித்தான் இரண்டு தெறித்தது. சாமிக்கண்ணு அவனை இழுத்து விலக்கினார். யாரோ காறித் துப்பினார்கள். நடந்தது நடந்துவிட்டது, விடு என்று வயசானவர் ஒருவர் சொன்னதற்கும் ஆள் ஆளுக்குச் சண்டை வந்தது. இதற்கு நடுவில் தையலம்மாள் எழுந்து முன்னால் வந்தாள். சின்ன உருவம். அவள் கப்பலைப் பார்க்கவில்லை.

"தண்ணியில கெடந்து கூப்புட்டாங்களா?" என்று கேட்டாள்.

கமருதீன் பொய் சொல்ல நினைத்தார். காசம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கூப்புட்டாங்க. கேட்டுச்சி. கயிறு போட்டோம். எந்தப் பக்கம்னு தெரியல."

தையலம்மாள் தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இதனால் யாரும் யாரையும் மன்னித்துவிடவில்லை. மறு வருடமும் அதற்கு அடுத்த வருடமும் பனித்திட்டுத் திருவிழாவுக்கு விளக்கு கடலூரிலிருந்துதான் வந்தது. பாகூரில் பின்னால் பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கமருதீன் இப்போது அதைக் கேட்டால் திரும்பி நின்று, ஆமாம், அணைத்தேன், யார் சொல்லி அணைத்தேன் என்பதையும் கேட்டுவிட்டுப் போ என்பார். கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு மல்ஹோத்ராவின் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது. அஸ்மாவுக்குப் பரங்கிப்பேட்டையில் சம்பந்தம் கூடியது. பேச்சு தொடங்குவதற்கு முன்பே எல்லாவற்றையும் பரிதா தானே அவர்களிடம் சொல்லிவிட்டாள். அந்தக் கல்யாணத்துக்குக் கமருதீன் போட்ட விளக்குகளைப் பற்றித் தெருவில் வெகுநாள் பேசினார்கள்.

கப்பல் காசம்மாள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவர் கேட்கவில்லை, அவள் கொடுக்கவும் இல்லை. 1985இல் ஒரு சந்தை நாள், கருவாட்டுக் கூடையோடு அதையும் பழைய புடவையில் சுற்றிக்கொண்டு அவள் கடைக்கு வந்து, மேஜையில் கிடந்த ரேடியோவை நகர்த்திவிட்டு அதை வைத்தாள்.

"எரியல" என்றாள்.

உப்புக் காற்று செம்புக் கம்பியைத் தின்றிருந்தது. முன்விளக்கு பச்சை பூத்து உதிர்ந்துவிட்டது. அடுப்புப் பக்கத்தில் வைத்தாயா, தட்டிமுட்டுச் சாமான்களோடு சேர்த்துப் போட்டாயா என்று கமருதீன் ஆரம்பித்தார். மட்டமான கம்பியைப் போட்டுவிட்டு என்னைக் கேட்கிறாயா என்றாள் அவள். சரி செய்ய நேரம் ஆகும், நாளைக்கு வா என்றார். நாளைக்குப் பஸ்ஸுக்குக் காசு நீ தருவாயா என்று கேட்டுவிட்டுக் கடைப் படியில் உட்கார்ந்துகொண்டாள். பரிதா உள்ளேயிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதைக் குடித்துவிட்டுத் திரும்பவும் திட்டத் தொடங்கினாள். கமருதீன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே, கண்ணாடியை மூக்கின் மேல் இறக்கி விட்டுக்கொண்டு, புதுக் கம்பியைக் குழாய்க்குள் நுழைத்தார்.